மசால்வடை நடத்துன விவாதம்

மழை வரப்போவுது. எலிங்கெல்லாம் எங்க குடியேறணும்னு ஓட்டுப் போட்டாகணும். எலிவளையும் எலிப்பொறியும் வேட்பாளருங்க. அதுக்கு டிவியில நேரலை விவாதம் வேற. நடத்துனது யாருங்கிறீங்க? பொறிக்குள்ள கொக்கியில மாட்டியிருந்த மசால்வடை!

"நான் நடுநிலை"ன்னு வடை ஆரம்பிச்சுது. "பொறி சார், உங்க கதவு எப்பவும் தொறந்தே இருக்கே, இந்தத் தாராள மனசு எப்படி வந்துச்சு?"

பொறி வெக்கப்பட்டுச்சு.

"வளை, நீங்க ஏன் இவ்ளோ இருட்டு? அதை மட்டும் சொல்லுங்க."

"தண்ணி உள்ள வராம இருக்கத்தான்..."

"நேரம் முடிஞ்சுது!"

பாத்துக்கிட்டிருந்த எலிங்க வாலைத் தட்டிச்சுங்க. "வடை அந்த வளையை என்னமா கிழிச்சுது பாரு!"

கீச்சிங்கிற எலிக்கு மட்டும் பத்திக்கிட்டு வந்துச்சு. மூட்டை கட்டிக்கிட்டிருந்த தம்பி சுண்டுகிட்ட கத்துனா. "டேய், வடை யாரு வீட்டுல தொங்குதுன்னு பாருடா! உள்ள போனா செத்துருவ!"

"நீ வளையோட ஆளு. வடை எவ்ளோ மணமா பேசுது, உனக்குப் பொறாமை."

"மணக்கும்டா, அதுக்குத்தான் அதை மாட்டியிருக்கு!"

பொறிதான் ஜெயிச்சுது. சுண்டு முதல் ஆளா உள்ள போனான். கதவு டமால்னு விழுந்துச்சு. கீச்சி ஓடிவந்து கம்பியைக் கடிச்சதுல பல்லு உடைஞ்சுது.

"சுண்டு, உள்ளருந்து நீயும் தள்ளுடா!"

"சும்மா இரு அக்கா. கதவு மூடுனது என் பாதுகாப்புக்காம். வடை இப்பத்தான் சொல்லுது, கேக்க விடு."