நிலத்துக்குக் கீழே முந்நூறு மீட்டர்

கிட்ட வாருங்கள், கண்ணுகளே. இன்னும் கொஞ்சம் கிட்ட. வானத்தில் நின்று வழி கேட்ட ஒருத்தியின் கதை இது. உரத்துச் சொல்லக் கூடாது.

அவளுக்கு முன்னால் இரண்டு கருவிகள்.

ஒன்று வா என்கிறது. மற்றது வராதே என்கிறது.

கீழே அறுத்து முடிந்த கோதுமை வயல். எதிரே யூக்கலிப்டஸ் காடு. காட்டுக்கு அப்பால், ஆஸ்திரேலிய வெயிலில் வெளிறிப்போன ஒரு புல் மைதானம். அங்கேதான் அவள் போய்ச் சேரவேண்டும்.

கிளைடருக்கு எஞ்சின் இல்லை. இருக்கிற உயரத்தைச் செலவழித்துத்தான் வீடு வரவேண்டும். காட்டுக்கு மேலே போய்விட்டால், இடையில் இறங்க இடமும் இல்லை.

காற்றையும் தூரத்தையும் கூட்டிக் கழித்து, மைதானத்தை அடையும்போது எவ்வளவு உயரம் மிஞ்சும் என்று சொல்வதுதான் அந்தக் கருவிகளின் வேலை.

புதியது சொன்னது: இருநூறு மீட்டர் மிச்சம்.

பழையது சொன்னது: நூறு மீட்டர் குறைகிறது.

வத்சலா கண்ணை மூடித் திறந்தாள்.

மாறவில்லை.

புதியது, பறப்பவர் கழகம் இரவலாகத் தந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பறந்து பாருங்கள், பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பழையது அவள் கணவர் பரஞ்சோதியின் செல்லம்.

இத்தனை காலமும் இருவரும் ஒன்றாகவே பறந்தார்கள். போன மாதம் வைத்தியர் அவருடைய இதயத்தைப் பார்த்துவிட்டு, இனி வேண்டாம் என்றார்.

இன்று பின்னிருக்கையில் ஆள் இல்லை. வெறும் இருக்கைக்கு அவரே பட்டியை இறுக்கிக் கட்டி அனுப்பியிருந்தார்.

கருவிகளைப் பூட்டியதும் அவர்தான். புதியதைத் தொடவே மனமில்லை.

"கலியாணப் பந்தல் மாதிரி மினுங்குது. கலர் கூடினால் கணக்குச் சரியாகுமோ?"

பிறகு சொன்னார்: "ரெண்டிலையும் எல்லாம் ஒண்டாத்தான் கிடக்கு. பயப்பிடாமல் போயிட்டு வாரும்."

எல்லாம் ஒரே மாதிரிக் கிடந்தால் ஏன் இப்படி?

இறக்கையில் பூச்சி அப்பியிருப்பதை ஒன்று மட்டும் கணக்கில் எடுக்கிறதா? எதிர்க்காற்றை ஒன்று கூட்டியும் மற்றது குறைத்தும் பார்க்கிறதா? விரலால் தட்டிப் பார்த்தாள். எண்கள் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. ஒன்றையொன்று நெருங்க மட்டும் இல்லை. கோபித்துக்கொண்ட அண்ணனும் தம்பியும் ஒரே தெருவில் நடப்பதுபோல.

வயலில் இறங்கினால் உயிருக்குப் பயமில்லை. ஆனால் கிளைடரைக் கழற்றி ஏற்ற, அவர் இழுவை வண்டியோடு வருவார். இந்த வெயிலில். அந்த இதயத்தோடு. வேறு யாரையாவது அனுப்புங்கள் என்றால் கேட்கிற மனிதர் இல்லை.

ஒரு வட்டம் அடித்தாள். மேலே தூக்கக் காற்று இல்லை. உயரம்தான் கரைந்தது.

மைதானத்தில் காத்துநிற்கும் அவரைக் கூப்பிட வானொலியை அழுத்தினாள்.

"இஞ்சருங்கோ. ஒண்டு வா எண்டுது. மற்றது வராதை எண்டுது. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

இரைச்சல்.

"எது வா எண்டுது?"

"புதுசு."

மறுபடியும் இரைச்சல்.

"புதுசை நம்பும்."

"என்ன சொல்லுறியள்?"

"புதுசை நம்பும், வத்சலா. பழசைப் பாக்காதையும். நேரை வாரும்."

இருந்த கொஞ்சத் தெளிவும் போயிற்று. பழையதைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்ல விடாதவர். இப்போது அதைப் பார்க்காதே என்கிறார். அவர் சொல்வதைக் கேட்பதா, அவர் இத்தனை காலம் நம்பியதைக் கேட்பதா?

மூக்கைக் காட்டின் பக்கம் திருப்பினாள்.

மரங்கள்.

பழையது, வராதே, வராதே என்றது. தொப்பியைக் கழற்றி அதை மூடினாள்.

இன்னும் மரங்கள்.

பிறகு புல்.

உயரம் போதும். கொஞ்சம் மிச்சமும் இருந்தது. நேரே இறங்கினாள். சக்கரம் தொட்டது, உருண்டது, நின்றது. ஓர் இறக்கை மெல்லச் சாய்ந்து தரையில் படுத்தது.

தொப்பியை எடுத்தாள்.

புதியது: பூச்சியம்.

பழையது: முந்நூறு மீட்டர் குறைகிறது.

கையை நீட்டினால் புல். அந்தக் கருவியின் கணக்கிலோ, அவள் நிலத்துக்குக் கீழே முந்நூறு மீட்டரில் கிடக்கிறாள்.

பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு பொத்தானை அழுத்தி அழுத்தி உள்ளே போனாள். காப்பு உயரம் என்று ஓர் இடம். அதில் ஓர் எண்ணைப் போட்டால், கருவி நிலத்தையே அவ்வளவு உயர்த்தி நினைத்துக்கொள்ளும். "கருவி உள்ளதைச் சொல்லவேணும், பயத்தை நாங்கள் மனசிலை வைச்சிருக்கவேணும்" என்று அவர் எப்போதும் பூச்சியமாகவே விட்டிருந்த இடம்.

இன்று அங்கே முந்நூறு. பூட்டிய கை அவருடையது.

தூரத்தில் அவர் வந்துகொண்டிருந்தார். ஓடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஓடவில்லை. ஆனால் அதை நடை என்றும் சொல்ல முடியாது.

கண்ணாடி மூடியைத் திறந்தாள். கோபிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"எதை வைச்சிருப்பம்?"

"பழசை."

"அது பிழையெல்லே சொல்லுது."

"எவ்வளவு பிழை எண்டு இப்ப தெரியுந்தானே."

முந்நூறை அவள் அழிக்கவில்லை.

கண்ணுகளே, உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர், உங்களுக்காக நிலத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துவிட்டு, வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். போன எல்லோரும் வந்து சேரட்டும்.