திறந்து கிடக்கும் இலைத்துளை

அடையாறு ஆய்வுக்கூடத்தில் இந்தக் காலையில் இருப்பவர்கள்: ஆய்வு மாணவி ஆயத், ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டு நைட் ஷிப்ட் வேலைக்குப் போன சக்திவேல், மைக்ரோஸ்கோப்பின் அடியில் ஓர் இலைத்தோல். தன்னிடமே தங்கிவிட்ட அறைச்சாவியைக் கொடுக்க வந்தவன், தூங்காத கண்ணை லென்ஸில் வைக்கிறான். அவனுடைய பழைய சோதனையைத்தான் ஆயத் மறுபடி செய்திருக்கிறாள். இலைத்துளையின் இருபுறமும் உள்ள காவல் செல்களுக்குள் பொட்டாசியம் புகுந்து, பின்னாலேயே தண்ணீரும் புகுந்து, இரண்டு செல்களும் உப்பி வளைந்திருக்கின்றன. நடுவே துளை திறந்து கிடக்கிறது. அவன் கையில் ஒருநாளும் திறக்காத துளை. “இன்னா மாத்தின?” என்கிறான். “ஒண்ணுமில்ல மச்சி, டிஷ் மட்டும் புதுசு. நீ பேரியம் ஊத்துன டிஷ்ஷையே கழுவிக் கழுவி யூஸ் பண்ணிக்கினு இருந்த. அது மிச்சம் இருந்தா பொட்டாசியம் போற வழிய அடச்சிடும்னு எனக்குக் கிளாஸ் எடுத்ததே நீதான்!” சிரிக்கத் தொடங்கியவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொள்கிறாள்.

ஜன்னல் வெயில் கழுவுதொட்டியில் கவிழ்த்துவைத்த பழைய கண்ணாடித் தட்டுகளில் விழுகிறது. எல்லாமே பளிச்சென்று இருக்கின்றன. “திரும்பி வந்தா சேத்துக்குவாங்களா?” “உன் சீட்ட வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்கடா.” அவன் இன்னொரு முறை குனிந்து பார்க்கிறான். துளை அப்படியே திறந்திருக்கிறது. சாவியை மேஜையில் வைத்துவிட்டு வெளியேறுகிறான். அடுத்தது, இருட்டில் துளை மூடுகிறதா என்று பார்க்கும் சோதனை; அறை இருட்டாக வேண்டும். ஆயத் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, கதவைச் சாத்தி, அதே சாவியால் உள்ளிருந்து பூட்டுகிறாள்.