ட்ரேயின் அடியில் ஒரு செக்

ஒரு வங்கியில் செக்குகளை வந்த வரிசையில்தான் பார்ப்பார்கள். வேலையை வேகப்படுத்தக் கணக்குப் போட்டுத் தரும் நிபுணர் ஒருவர் வந்தார். "பெரிய தொகையை முதலில் பாருங்கள், வட்டி மிச்சம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு வந்த ஒரு சின்னத் தொகை செக், ட்ரேயின் அடியிலேயே கிடந்தது. தினமும் பெரிய செக்குகள் வந்து அதன் தலைமேல் உட்கார்ந்தன.

பக்கத்திலிருந்த ரப்பர் முத்திரையிடம் அது கேட்டது: "அண்ணே, நேத்து வந்தவனெல்லாம் போயிட்டான். நான் மட்டும் ஏன் இங்கேயே கிடக்கேன்?"

"தெரியலப்பா. வேலை முன்னைவிட வேகமா நடக்குதுன்னு மேனேஜர் சொல்றாரே."

"வேகமா நடந்தா நான் போயிருக்கணுமே?"

முத்திரைக்குத் தலை சுற்றியது.

மூன்று மாதம் ஓடியது. ஒருநாள் கவுண்டரில் ஒருவர், "நான் போட்ட செக் என்னய்யா ஆச்சு?" என்று கத்தினார். குமாஸ்தா அடியிலிருந்து சின்ன செக்கை உருவினார். செக்கின் மூன்று மாதக் கெடு தாண்டிவிட்டிருந்தது. 'செல்லாது' என்று முத்திரை அதன் முகத்தில் விழுந்தது.

விழுந்து எழும்போதுதான் முத்திரை கத்தியவரைப் பார்த்தது.

"அடடே, பெரிய செக்கை முதல்ல பாக்கச் சொன்னவரு இவருதான்!"

செக் இன்னும் குழம்பிப்போனது. "அப்ப ஏண்ணே கத்துறாரு? எல்லாம் அவர் சொன்னபடிதானே நடந்துச்சு?"