முதல் பெட்டி

மின்சாரக் கார் ஹீட்டரில் கரண்டு கசியாமல் தடுக்கும் மைக்கா தகடுகள் அவை. மலேசியாவின் சிரம்பான் தொழிற்சாலையில் தினமும் முதல் பெட்டி மட்டும் சோதனையில் தோற்றது.

“தகட்டுல உன் நெத்தி விபூதி! கரண்டு ஓடிடும் லா, திலகா. நாளைக்கும் விழுந்தா உனக்கு வேலை இல்ல,” என்று பெட்டியில் தகடு அடுக்கும் அவளிடம் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார் சூப்பர்வைசர் பாலசுப்ரமணியன்.

“சரி சார்.”

மறுநாள் திலகா வெறும் நெற்றியோடு வந்தாள். அவர் வழக்கம்போல முதல் பெட்டியைக் குனிந்து உற்றுப் பார்த்துவிட்டுச் சோதனைக்கு அனுப்பினார். அதுவும் தோற்றது. அதிலும் விபூதி.

யாரும் இல்லாதபோது திலகா ஒரு டிஷ்யூவை நீட்டினாள். “குனியறதுக்கு முன்னால நெத்தியைத் துடைச்சுக்குங்க, சார்.”

அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பட்டையில் பாதியைக் காணோம்.

“நேத்தே சொல்லியிருக்கலாமே?”

“நேத்து எல்லாரும் நின்னாங்க, சார்.”