பேருக்குச் சொந்தக்காரர்

"ஊர்ல வேற பேரே இல்லையா, இளம்பரிதி?"

வாய்க்கால் கரை வீட்டு வாசலில், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார் இளையபெருமாள். உள்ளே தொட்டில் கட்டியாயிற்று. இன்னும் சற்று நேரத்தில் குழந்தையின் காதில் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அதற்குள் தடுத்தாக வேண்டும்.

"உள்ள வாங்கய்யா, உட்கார்ந்து பேசலாம்" என்றான் இளம்பரிதி. கும்பகோணத்தில் பேங்க் மேனேஜர். அவன் அப்பா காலம்வரை இளையபெருமாள் வீட்டு வயலில் நாற்றுப் பறித்த குடும்பம்.

"உட்கார வரல. இளையபெருமாள்னா ராமனுக்குப் பின்னால காட்டுக்குப் போன லட்சுமணன் பேரு. எங்க குடும்பப் பேரு. என் பேரன் அதே பேரோட கனடாவுல டாக்டரா இருக்கான். எங்க தெருவுக்கே என் பேருதான். நாளைக்கு இங்க நின்னு, 'டேய் இளையபெருமாளே, மூக்கைத் துடைடா'ன்னு கத்துவீங்க. அதை நான் கேட்கணுமா?"

தொட்டிலருகே நின்ற அவன் மனைவி செம்மொழி சிரிப்பை அடக்கினாள். "ஒழுகினா துடைக்கத்தானே வேணும், ஐயா?"

"எங்க பூட்டன் பேருங்க அது" என்றான் இளம்பரிதி.

"யாருகிட்ட கதை விடுற? அந்தக் காலத்துல உங்க ஆளுங்களுக்கு யாரு இந்தப் பேரை வச்சா?"

சாட்சிக்கென்று அழைத்து வந்திருந்த அக்காவிடம் திரும்பினார். "நீயே சொல்லுக்கா. இது யாரு வீட்டுப் பேரு?"

மங்களாம்பிகை கையிலிருந்த முறத்தின் மேல் துணியை விலக்கினாள். சீர் வரிசை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். உள்ளே தவிடு.

"எனக்கப்புறம், உனக்கு முன்னாடி பொறந்த மூணும் தங்கல, தம்பி. எமன் வந்தாலும் வேற வீட்டுப் பிள்ளைன்னு திரும்பிப் போகட்டும்னு, அம்மா உன்னை இந்த வீட்டுக்குத் தவிட்டுக்கு வித்தாங்க. இவன் பூட்டன்தான் ஒரு முறம் தவிடு கொடுத்து உன்னை வாங்கி, தன் பேரையே உனக்கு வச்சாரு. வெளிய தெரிஞ்சா கௌரவக் குறைச்சல்னு அப்பா மூடி மறைச்சுட்டாரு."

முறத்தைத் தம்பியின் முன் நீட்டினாள்.

"அந்தத் தவிட்டை நாம திருப்பிக் கொடுக்கவே இல்ல. முறைப்படி நீ இன்னிக்கும் இந்த வீட்டுப் பிள்ளை. இப்ப கொடுத்துட்டா நீ நம்ம வீட்டுக்கு வந்துடலாம். ஆனா, பேரை இங்கேயே விட்டுட்டு வரணும். கொடுத்துடவா?"

இளையபெருமாள் முறத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.