சுவரைப் பார்த்து நின்றவள்

அதிர்ஷ்ட தேவதையோடு பகடையாடும் ஒருவனைப் பற்றிய அந்த மாயாஜாலத் திரைப்படத்தை எழுதியவன் அமுதவல்லியின் தம்பி சேந்தன். ஆடக் கிளம்பும்போதெல்லாம், ராசியில்லாத முகம் எதிரே வரக்கூடாதென்று நாயகன் தன் மனைவியைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்வான். தம்பியோடு முதல் காட்சி பார்க்க வந்திருந்த அமுதவல்லியைச் சுற்றி அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. சீட்டாடப் போகும் புருஷனுக்காக அமுதவல்லி பதினோரு வருஷம் அப்படித்தான் நின்றாள். அதைத் தம்பி ஒருவனிடம் மட்டும்தான் சொல்லி அழுதிருந்தாள்.

படம் முடிந்ததும் வாசலில் யூடியூப்காரர்கள் மைக்கை நீட்டினார்கள்.

"சுவர் சீன் செம காமெடிங்க" என்றான் படம் பார்த்துவிட்டு வந்த ஒருவன்.

"அந்தப் பொம்பளை மூஞ்சியே தரித்திரம். அதான் அவன் தோக்குறான்" என்றாள் இன்னொருத்தி. சேந்தனும் சேர்ந்து சிரித்தான்.

மைக் அமுதவல்லியிடம் வந்தது. "சூப்பர்னு சொல்லுக்கா" என்று சேந்தன் அவள் காதோரம் சொன்னான்.

"எழுதினவனை ரொம்ப நம்பியிருந்தேன்" என்றாள் அவள்.

"நம்பிக்கை வீண்போகலைதானேம்மா?" என்று கேட்டான் மைக்கை நீட்டியவன்.

அமுதவல்லி மைக்கை வாங்கித் தம்பியின் கையில் வைத்தாள். "நீயே சொல்லுடா."

கேமரா அவன் பக்கம் திரும்பியது. அவன் வாய் இன்னும் சிரித்தபடியே இருந்தது.