மழைச் செயலியை எழுதிய முள்ளம்பன்றி

காட்டில் மழை வருமுன் எல்லோருக்கும் செய்தி அனுப்பும் செயலியை முள்ளம்பன்றிதான் எழுதியிருந்தது. மொத்த நிரலும் ஒரே கோப்பில் கிடந்தது. "ஓடுதுல்ல, யாரும் கை வைக்காதீங்க" என்று அதைக் காவல் காத்தது.

ஒருநாள் எறும்புகள் வந்தன. "எங்களுக்கு மட்டும் ஒரு மணி நேரம் முன்னாடியே சொல்லுங்க. முட்டைகளை மேட்டுக்குத் தூக்கணும்."

முள்ளம்பன்றி ஒரு வரியை மாற்றியது. உடனே தவளைகளுக்கு 'இன்று கடும் வெயில்' என்று செய்தி போனது. அதைச் சரிசெய்ததும் மயிலுக்குச் செய்தியே போகவில்லை. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

பக்கத்துக் காட்டிலிருந்து வேலை மாறி வந்த கீரி சொன்னது: "பழசைப் பழையபடியே மாத்தி விட்டுடுங்கண்ணே. எறும்புக்குத் தனியா சின்னதா எழுதி, சோதிச்சுப் பார்த்துச் சேர்ப்போம்."

முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்தது. வாசலில் காத்திருந்த எறும்புகளைப் பார்த்தது. பிறகு நகர்ந்து இடம் கொடுத்தது.

கீரி எழுத, முள்ளம்பன்றி சோதித்தது. இரண்டு பிழைகள் அகப்பட்டன, இரண்டையும் கீரி திருத்தியது. எறும்புகளுக்குச் செய்தி போனது. கடைசி முட்டை மேடேறியபின்தான் மழை கொட்டியது.

சொட்டச் சொட்ட நனைந்தபடி முள்ளம்பன்றி கீரியிடம் மெல்லக் கேட்டது: "மிச்ச நிரலையும் எப்போ இப்படிச் சின்னச் சின்னதாப் பிரிக்கலாம்?"